உரிமம் மஸ்னாவின் பெயரில்

“அந்தப் பலகையில யார் பேரு எழுதியிருக்கு? அதை மட்டும் சொல்லுங்க அபாங். உங்க பேரா, என் பேரா?”

“கத்தாதே மஸ்னா. தெரு முழுக்கக் கேக்குது.”

“கேக்கட்டுமே! தெருவுக்குத் தெரியாம நம்ம வீட்டுல இதுவரைக்கும் என்ன நடந்திருக்கு?”

அது உண்மைதான். தாமான் கெனாங்கா குடியிருப்பின் மூன்றாவது வரிசையில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு செங்கல் கனச் சுவர். அதுவும் கட்டியவர்கள் சிமெண்டில் கை வைத்த சுவர். மஸ்னா வீட்டில் சம்பலுக்கு மிளகாய் வதக்கினால் இரண்டு வீடு தள்ளித் தும்முவார்கள். அன்று காலை அவள் குரல் எழுந்ததும், காய்ந்த துணியை எடுத்து உதறி மறுபடி கொடியில் போட்டவர்கள் சிலர். முந்தின நாள் மழையில் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்த பூச்சட்டிக்கு ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அபாங் என்று அவள் அழைக்கும் பஹாரின் கார் கூரையில் இரண்டு கையையும் ஊன்றி, தன் மனைவியைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தான்.

“ஆளு உயிரோடதான இருக்கான். அல்ஹம்துலில்லாஹ். கால்தான் போச்சு.”

“கால்தானா? உங்க காலா இருந்தா இப்படிச் சொல்வீங்களா? கால்வலின்னு ஒரு நாள் கடைக்குப் போகாம படுத்திருந்த மனுஷன்!”

இதற்குக் கொடிப் பக்கத்திலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். பஹாரின் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வேலை இல்லாதவனுக்குக் காலை எட்டு மணிக்கு எங்கே போக இருக்கிறது? முஸ்தபா டீக்கடைக்குத்தான். அங்கேதான் தரகன் ஜொஹாரி இருப்பான்.

நடந்தது இதுதான். கிராமத்துக் கிளினிக்குக்குப் பின்னால் வடிகால் கட்ட ஆளுயரத்துக்கு மேல் குழி வெட்டியிருந்தார்கள். மழையில் ஊறிய மண், மத்தியானச் சாப்பாடு முடிந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமாகச் சரிந்தது. உள்ளே நின்ற ஸ்லாமெத் என்ற ஜாவாக்காரக் கொத்தனார் இடுப்புவரை புதைந்துபோனான். கூட இருந்தவர்கள் மண்வெட்டியால் கொஞ்சமும் கையால் மீதியுமாகத் தோண்டி எடுத்தார்கள். வலது முழங்காலுக்குக் கீழே, கலவை வாரும் தொட்டியின் விளிம்பு அழுத்தி, எலும்பு தூளாகியிருந்தது. சாலையோரம் நின்ற பெயர்ப்பலகையில் நீல எழுத்தில் இருந்தது: குத்தகையாளர், மஸ்னா ஜெயா எண்டர்பிரைஸ்.

மஸ்னா தன் வாழ்நாளில் ஒரு செங்கல்லை இன்னொரு செங்கல்லின் மேல் வைத்தவள் இல்லை. கிளினிக் வாசலில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் விற்றுக்கொண்டிருந்தவள். கட்டட வேலை தெரிந்தவன் பஹாரின். ஆனால் அவன் ஒரு சிநேகிதனின் லாரிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டான். சிநேகிதன் லாரியோடும் புதுப் பெண்டாட்டியோடும் ஜொகூர் பக்கம் போய்விட்டான். பஹாரின் திவாலானவன் என்று நீதிமன்றம் அறிவித்தது. திவாலானவன் பெயரில் உரிமம் எடுக்க முடியாது. மனைவி பெயரில் எடுக்கலாம். அப்படித்தான் மஸ்னா குத்தகையாளர் ஆனாள். அவள் கையெழுத்தைத் தவிர அதில் அவளுடையது ஒன்றுமில்லை என்று வரிசை முழுக்கத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் இருந்தது. இந்த மாதிரிச் சின்ன வேலைகளைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுப்பார்கள். உரிமம் யார் பெயரிலோ அவரே நேரில் வர வேண்டும், தன் கையாலேயே சீட்டு எடுக்க வேண்டும். மாற்று ஆள் கூடாது. ஆகவே அன்றைக்கு மஸ்னா பெருநாளுக்குத் தைத்த பாஜு குரோங்கை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு மண்டபத்துக்குள் போவாள். பஹாரின் வெளியே மரத்தடியில் சிகரெட் பிடிப்பான். மண்டபத்தில் ஆண்கள் வேர்த்து வடிந்துகொண்டு பிஸ்மில்லா சொல்லிக் கையை விடுவார்கள், ஒன்றும் வராது. மஸ்னா கடையில் தக்காளி பொறுக்குகிறவள் மாதிரி அலட்சியமாகக் கையை விடுவாள், வேலை வரும். பொறாமைப்பட்டவர்கள் அவள் பெட்டியில் ஊதிவிட்டு எடுக்கிறாள் என்றுகூடப் பேசினார்கள்.

வேலை கிடைத்தவர்கள் எல்லாரும் வேலை செய்வார்கள் என்று நினைத்தால் அது நினைக்கிறவர் தப்பு. மண்டபத்துக்கு வெளியே லாரிகள் நிற்கும். அதில் ஒன்று குலசேகரனுடையது. குலசேகரனுக்குத் தொழில் தெரியும், ஆள் உண்டு, கலவை இயந்திரம் உண்டு. மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய அந்தக் குலுக்கலில் சீட்டு எடுக்கும் தகுதி மட்டும் அவனுக்குக் கிடையாது. ஆகவே அவன் வெளியே நிற்பான். சீட்டோடு வருகிறவர் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டு வேலையை அவனிடம் கொடுத்துவிடுவார். இதை யாரும் விற்பது என்று சொல்வதில்லை. ‘விட்டுக் கொடுத்தேன்’ என்பார்கள், ஏதோ பஸ்ஸில் இடம் விட்டுக் கொடுத்தமாதிரி. உரிமத்தைப் பிறத்தியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். சாலையில் எச்சில் துப்பக் கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

வடிகால் வேலையும் அப்படித்தான் கைமாறியது. வந்த பங்கில் மஸ்னா வீட்டுக்குப் புதுத் துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. அது சுழலும்போது மூன்றாவது வரிசையே அதிர்ந்தது.

தன் பெயர் எழுதிய பலகையைப் பார்க்க வேண்டும் என்று மஸ்னாவுக்கு ஓர் ஆசை. வேலை தொடங்கிய வாரத்தில் வாழைப்பழம் பொரித்து எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். பலகையைப் பார்த்தாள், கைப்பேசியில் படம் பிடித்தாள். பிறகு குழியைப் பார்த்தாள். உரிமத்தைப் புதுப்பிப்பதற்காகக் கட்டாய வகுப்பில் உட்கார்ந்தவள் அவள். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கினார்கள். காசு கட்டியிருக்கிறோமே என்று இவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“குலா, இவ்வளவு ஆழம் வெட்டினா ரெண்டு பக்கமும் மண்ணுக்கு முட்டு குடுக்கணுமே. எங்க முட்டு?”

குலசேகரன் வாயில் இருந்த பழத்தை முழுங்கிவிட்டுச் சிரித்தான். “அக்கா, நீங்க வீட்டுல வச்சிருக்கீங்களே துணி துவைக்கற மிஷின். அதுதான் அந்த முட்டு.”

அருகில் நின்ற ஸ்லாமெத்தும் சிரித்தான். “பயப்படாதீங்க இபு. இந்த மண்ணு நல்ல மண்ணு. எங்க ஊரு மண்ணுதான் மோசம்” என்றான். அம்மா என்பதற்கு அவன் பாஷையில் இபு. இன்னும் இரண்டு பழம் எடுத்துக்கொண்டான்.

மஸ்னா வீட்டுக்கு வந்து பஹாரினிடம் சொன்னாள். பஹாரின், “நீ கான்ட்ராக்டரா, அவன் கான்ட்ராக்டரா?” என்று கேட்டான். பிறகு மழைக்காலம் வந்தது.

சண்டை நடந்த அன்று சாயங்காலம் பஹாரின் ஜொஹாரியை வீட்டுக்கே அழைத்து வந்தான். கூடவே குலசேகரனும் வந்தான், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. ஜொஹாரி உரிமம் எடுத்துக் கொடுக்கும் தரகன். முஸ்தபா கடையின் மூலை மேசைதான் அவன் அலுவலகம். எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து, எந்தச் சட்டத்தில் எந்தப் பொத்தல் என்று இனாமாகவும் சொல்லுவான். தே தாரிக் டீ மட்டும் கேட்பவர் கணக்கில். வக்கீல் இல்லை. வக்கீலைவிட நன்றாக உடுத்துவான்.

“இங்க பாருங்க அக்கா,” என்று நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு தொடங்கினான். “லைசென்ஸ் ஆபீஸ்ல விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. மூணு விதமாச் சொல்லலாம். வேலையை வேற ஆளுக்குக் குடுத்தேன்னு சொன்னா, லைசென்ஸ் போச்சு. அவன் என் ஆளுன்னு சொன்னா, பர்மிட் முடிஞ்ச ஆளை, தொழிலாளர் அட்டை இல்லாத ஆளை, முட்டு குடுக்காத குழியில இறக்கினேன்னு ஆச்சு. லைசென்ஸும் போச்சு, அபராதம், கோர்ட்டு. மூணாவது, அவன் யாருன்னே தெரியாது.”

“தெரியாதா?”

“வேலை நடக்கற இடத்துக்கு யாரோ வந்து விழுந்திருக்கான். வேலி போட்டிருந்தோம், தாண்டி வந்துட்டான். மீன் புடிக்க வந்திருப்பான்.”

“வெட்டின குழியில மீனு!” என்றாள் மஸ்னா. “வலை கொண்டுவந்தானா, தூண்டிலா?”

குலசேகரன் சட்டென்று தலையை நிமிர்த்தினான். “அக்கா, நான் அவனை லாரியில போட்டு எடுத்துட்டுப் போகும்போது என் கையைப் புடிச்சுட்டே வந்தான். எனக்கு மட்டும் மனசு இல்லையா? ஆனா என் பேரு வெளிய வந்தா எங்கிட்ட இருக்கற பத்துப் பேருக்கும் வேலை போகும். ஏழு பேரு அவனை மாதிரிதான், அட்டை இல்லை.”

“ஆஸ்பத்திரியில என்ன சொல்லி எழுதினீங்க?”

குலசேகரன் மறுபடி தலையைக் குனிந்துகொண்டான். ஜொஹாரிதான், “மோட்டார் சைக்கிள்லேர்ந்து விழுந்ததா எழுதியிருக்கு. அதுதான் நல்லது, எல்லாருக்கும்” என்றான்.

“அவனுக்குமா?”

“அவனுக்கும்தான். வேலையில அடிபட்டான்னு எழுதினா போலீசு வரும், இமிக்ரேஷன் வரும்.”

அன்றிரவு மஸ்னா சமைக்கவில்லை. மகன் ஹைக்கல் தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்து வந்து மீ நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு போனதை வரிசை பார்த்தது.

மறுநாள் அவள் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பின்வரிசை ரபியா மூட்டுவலிக்கு ஊசி போடப் போனவள் அதே வார்டுக்கு ‘வழி தவறி’ப் போய்விட்டதால் அங்கே பேசியதும் நமக்குத் தெரியும். ஸ்லாமெத்தின் போர்வை முழங்காலோடு தட்டையாகக் கிடந்ததாம். அவன் மஸ்னாவைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தானாம்.

“இபு, மன்னிக்கணும். வேலை பாதியில நின்னுபோச்சு.”

“வேலை கிடக்குது. உன் ஊருக்குச் சொன்னியா?”

“பொண்டாட்டிகிட்ட காய்ச்சல்னு சொல்லியிருக்கேன்.” கஞ்சியைக் கலக்கினான். “இபு, ஒண்ணு கேக்கவா? வேலை செய்யும்போது அடிபட்டா முதலாளி பணம் கட்டணும்னு பக்கத்துக் கட்டில் பெரியவர் சொல்றாரு. வெளிநாட்டு ஆளா இருந்தாலும். நெஜமா?”

“நெஜந்தான். எங்க வகுப்புல சொன்னாங்க.”

“அப்ப என்னைத் தெரியும்னு சொல்வீங்களா? புடிச்சு ஊருக்கு அனுப்பட்டும், போறேன். ஆனா இப்படி ஒண்ணுமில்லாமப் போனா, கொத்தனாரு ஒத்தக் காலை வச்சுக்கிட்டு என்ன செய்ய? சாரத்துல ஏற முடியாதே. ஒரு கட்டைக் காலாவது, ஒரு சின்னக் கடையாவது...”

மஸ்னா சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லையாம். கிண்ணத்தை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு வந்தாளாம்.

வீட்டில் அதற்குப் பிறகு இரண்டு நாள் சண்டை சத்தமே இல்லை. வரிசைக்கு இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரே ஒரு தடவை, துணி துவைக்கும் இயந்திரம் நின்ற இடைவெளியில், பஹாரினின் குரல் கேட்டது. “அந்த லைசென்ஸ் போனா நாம என்ன திங்கறது? மறுபடி நாசி லெமாக்கா?” அதற்கு அவள், “நாசி லெமாக் யார் காலையும் எடுக்கல” என்றாள்.

விசாரணைக்கு அவள் அந்தப் பெருநாள் உடுப்பைப் போடவில்லை. சாதாரணப் பருத்தி உடுப்பு. பஹாரின் அவளை இறக்கிவிட்டுக் காரிலேயே இருந்தான்.

விசாரித்தவள் சின்ன வயதுப் பெண், தலையில் இளம் பச்சைத் துணி, பேச்சில் மரியாதை. மஸ்னாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

“அந்தக் குழியில இருந்த ஆளு என் ஆளுதான்” என்றாள் மஸ்னா, யாரும் கேட்பதற்கு முன்பே. “வேலி தாண்டி வரல. வேலியே போடல. வேலை செய்ய இறங்கினான்.”

“சரிங்க அக்கா. முழுப் பேரு?”

“ஸ்லாமெத்.”

“ஸ்லாமெத் மட்டுமா? அப்பா பேரு? பாஸ்போர்ட்டு?”

மஸ்னாவுக்குத் தெரியவில்லை.

“தொழிலாளர் அட்டை எண்?”

“அட்டை இல்லை. அதையும் எழுதிக்குங்க.”

“சம்பளம் குடுத்ததுக்கு ஏதாவது கையெழுத்து? ரசீது?”

“நான் குடுக்கல. வேற ஆளு குடுத்தாரு.”

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். “அக்கா, நீங்க அவருக்குச் சம்பளம் குடுக்கல. அவர் யாருன்னு உங்களுக்குத் தெரியல. அவரு உங்க ஆளுன்னு நான் எப்படி எழுதறது? அவரு வந்து சொன்னா எழுதலாம். எங்க இருக்காரு?”

“ஆஸ்பத்திரியில. மூணு நாள் முன்னாடி நான் கஞ்சி குடுத்தேன்.”

“நாங்க நேத்தே அங்க ஆள் அனுப்பிக் கேட்டோம். வேலைத்தளத்துல அடிபட்டதுன்னு யாரும் பதிவாகல. மோட்டார்ல விழுந்தவர் ஒருத்தர் இருந்தாராம். அவரும் முந்தாநாளே சொந்த விருப்பத்துல கிளம்பிட்டாராம்.”

“அவன்தாம்மா அது!”

“அவரு சொல்லணுமே அக்கா.”

மஸ்னா தண்ணீரைக் குடித்தாள். பிறகு, “சரி, நான் ஒண்ணு சொல்றேன், இதை எழுத முடியுமான்னு பாருங்க. அந்த வேலையை நாங்க வித்தோம். பங்கு எடுத்துக்கிட்டோம். அந்தப் பங்குலதான் முட்டு இல்லாமப் போச்சு” என்றாள்.

“யாருக்கு வித்தீங்க?”

குலசேகரனின் பெயர் வாய்வரை வந்ததாம். அட்டை இல்லாத அந்த ஏழு பேரும் கூடவே நினைவுக்கு வந்தார்களாம். “யாருக்கோ. வித்தது நான்” என்றாள்.

பெண் பேனாவை எடுத்தாள். “இதை எழுதலாம்.”

வெளியே வந்து காரில் ஏறி, கதவைச் சாத்தாமலே மஸ்னா கேட்டாள். “ஸ்லாமெத் எங்க?”

பஹாரின் வண்டியை எடுக்கவில்லை. “ஊருக்குப் போயிட்டான். சுமத்ரா பக்கம் போற படகுல. அங்கேருந்து போய்க்குவான். ஜொஹாரிதான் பேசி முடிச்சான்.”

“போக மாட்டேன்னு சொல்லியிருப்பானே.”

“விசாரணையில நீ அவனை யாருன்னே தெரியாதுன்னு சொல்லப் போறேன்னு ஜொஹாரி சொன்னான். அப்புறம் அவன் ஒண்ணும் பேசல.”

மஸ்னா கதவைச் சாத்தினாள். “ஒத்தக் காலோட படகுல எப்படி ஏறினான்?”

“குலா தூக்கி ஏத்தி விட்டான்.”

இதெல்லாம் பஹாரினே பிற்பாடு முஸ்தபா கடையில் சொல்லி அழுதது. அழுதான் என்பதை அவனுக்கு ஆகாதவர்கள்கூட ஒத்துக்கொள்கிறார்கள்.

உரிமம் ரத்தானது. உரிமத்தைப் பிறருக்குக் கொடுத்த குற்றம் என்று கடிதத்தில் இருந்தது. மண் சரிந்ததைப் பற்றி ஒரு வரி, ஆளுக்குச் சேதம் இல்லை என்று. வடிகால் வேலை மறுபடி குலுக்கலுக்குப் போனது. சீட்டு கிடைத்தவர் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். அவரிடமிருந்து அதைக் குலசேகரனே எடுத்துச் செய்து முடித்தான். அதிகாரி பார்க்க வந்த நாளில் முட்டெல்லாம் இருந்ததாம். இப்போது எவ்வளவு மழை பெய்தாலும் கிளினிக்குக்குப் பின்னால் தண்ணீர் தேங்குவதில்லை. நல்ல வடிகால், அதில் குறை சொல்ல முடியாது.

மஸ்னா கோலா குராவில் இருக்கும் தன் தமக்கை வீட்டோடு போய்விட்டாள். விவாகரத்து இல்லை. பெருநாளுக்கு வருகிறாள், ரெண்டாங் கறி கிண்டுகிறாள், மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுகிறாள். அங்கே மீன் இறங்குதுறை வாசலில் நாசி லெமாக் விற்கிறாளாம். போகும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போனாள். துணி துவைக்கும் இயந்திரத்தை ரபியா விலைக்குக் கேட்டாள், பஹாரின் கொடுக்கவில்லை.

ஹைக்கலுக்குக் கல்யாணம் அவசர அவசரமாக நடந்தது. அவசரம் என்றதும் வரிசை விரல்விட்டு மாதம் எண்ணியது. அப்படி ஒன்றும் இல்லை. பஹாரினே தேடிப் பிடித்த பெண். கைப்பேசிக் கடையில் வேலை பார்த்த ஸக்கியா, யாருக்கும் ஜாமீன் போடாதவள், கடன் இல்லாதவள், எந்த அலுவலகத்திலும் அவள் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. பெண் பார்க்கப் போனபோது சமைக்கத் தெரியுமா என்றுகூட அவன் கேட்கவில்லையாம். கல்யாணப் பந்தல் பிரித்த கையோடு ஜொஹாரி படிவங்களோடு வந்தான். மாதச் சம்பளத்தில் இருக்கும் ஹைக்கல் பெயரில் உரிமம் கிடைக்காதாம். இப்போது வீட்டு வாசலில் ஸக்கியா மாஜு எண்டர்பிரைஸ் என்று பலகை தொங்குகிறது.

நல்ல பெண். பேச்சு கொடுத்தால் நின்று பேசுகிறாள். போன மாதம் அவளையும் அந்த வகுப்புக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து, கேட்டருகே நின்று அவளே சொன்னாள். திரையில் ஒரு படம் போட்டார்களாம், எப்படி வேலை செய்யக் கூடாது என்பதற்கு. சரிந்து கிடக்கும் ஒரு குழி. ஓரத்தில் ஒரு பெயர்ப்பலகை, பெயர் தெரியாமல் மறைத்திருந்தார்கள். மண்ணில் ஒரு ரப்பர் பூட்ஸ் பாதி புதைந்து, வாய் திறந்து நின்றதாம். மற்றவர்கள் கைப்பேசியில் இருந்தார்கள். இவள் மட்டும் கையைத் தூக்கி, அது யாருடைய பூட்ஸ் என்று கேட்டாளாம்.

வகுப்பு எடுத்தவர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல யாருக்கும் அடிபடலைம்மா” என்று சொல்லி, அடுத்த படத்தைப் போட்டாராம்.